தூரத்து ஏ.எம் நிலையங்களைப் பிடிக்க, பகலில் தொடங்குங்கள்

தூரத்து நிலையங்களைத் தேட நினைப்பவர்கள் பெரும்பாலும் இரவு ஒன்பது மணிக்குத்தான் ரேடியோவைத் திருகுவார்கள். நாலைந்து மொழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எது எந்த ஊர் என்று புரியாமல் அலுத்துவிடும். அதனால் முதல் வாரம் பகலில் மட்டும் கேளுங்கள்.

1. ஏ.எம் அல்லது எம்.டபிள்யூ (இரண்டும் மத்திய அலைதான்) என்று போட்ட, பேட்டரியில் ஓடும் சாதாரண டிரான்சிஸ்டர் போதும். டிஜிட்டல் செட் என்றால் ஒரு அலைவரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை 9 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 10 அமெரிக்கக் கண்டத்துக்கானது. நம் பக்கத்து அலைவரிசைகள் எல்லாம் 9-ஆல் வகுபடும்: சென்னை 720, திருச்சி 936, பெங்களூரு 612. முள் வைத்த பழைய செட்டில் 660 மாதிரி தெரிந்தால், அது 657 அல்லது 666.

2. இரைச்சலைக் கண்டுபிடியுங்கள். வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் குற்றவாளி கூடத்து எல்இடி பல்பு. செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இரண்டையும் சந்தேகப்படுங்கள். மொட்டை மாடிக்குப் போனாலே பாதித் தொல்லை தீரும்.

3. நடுப்பகலில் டயலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்துங்கள். வெயில் நேரத்தில் தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், 'டி' என்ற வளிமண்டல அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். தரையை ஒட்டி வருவது மட்டுமே கிடைக்கும். கடல்நீரின் மேல் அலை இன்னும் நன்றாகப் போகும் என்பதால் கடற்கரைக்காரர்களுக்கு யோகம்.

இங்கேதான் பொறுமை வேண்டும். செட்டின் உள்ளே படுத்திருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா. அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் ஒலி கூடும். நுனி பார்த்தால் அடங்கிவிடும். தஞ்சாவூரில் திருச்சி நிலையம் பலமாக இருக்கும். செட்டின் ஒரு ஓரம் நேர் மேற்கைப் பார்க்கும்படி திருப்பினால் அது தணிந்து, பக்கத்து அலைவரிசையில் மறைந்திருந்த மெல்லிய குரல் எழும்பும். எனக்கு இரவில் கிடைக்கும் நூறு நிலையங்களைவிட அந்த ஒரு குரல் பெரிது.

கேட்டதையெல்லாம் நேரம், அலைவரிசை, மொழி போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆகாசவாணி பல ஊர்களில் மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்களை மூடிவிட்டது. பழைய பட்டியலில் உள்ளது கேட்கவில்லை என்றால் செட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

4. சரி, இப்போது மாலை. சூரியன் இறங்கியதும் 'டி' அடுக்கு கலைந்துபோகும். அலைகள் அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தாண்டி இறங்கும். அந்தி நேரத்து அரை மணியைத் தவறவிடாதீர்கள். கிழக்கே முன்பே இருட்டிவிடுவதால் 657-இல் கொல்கத்தா போன்றவற்றை அப்போது முயலலாம். 882-இல் இலங்கையின் புத்தளத்திலிருந்து 400 கிலோவாட் பலத்தில் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் தமிழிலும் வரும்.

பகல் நோட்டில் இல்லாதது பெரும்பாலும் தூரத்து நிலையம்தான். குரல் தேய்ந்து மறைந்தால் உடனே நகர்ந்துவிடாதீர்கள், இரண்டு நிமிடத்தில் திரும்பி வரும். நிலையத்தின் பெயரை மணி முடியும்போதுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஐந்து நிமிடம் முன்பே அங்கே காத்திருங்கள்.

5. அப்புறம் ஒரு நாள் விடியலுக்கு முன் எழுந்து கேளுங்கள். கிழக்கு நிலையங்கள் முதலில் மங்கும். மேற்கே இன்னும் இருட்டு என்பதால் அந்தத் திசையிலிருந்து வருபவை கொஞ்ச நேரம் தனியாக நிற்கும்.