சொந்தமாக நூல் வெளியிடுவோர் இலவசமாக ஐஎஸ்பிஎன் எண் பெறுவது எப்படி?

தம் கதைகளையோ ஓவியங்களையோ தாமே நூலாக அச்சிடுவோரிடம், ஐஎஸ்பிஎன் (ஒரு நூலை அடையாளம் காட்டும் சர்வதேசத் தர எண்) வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை, பதிப்பகங்களுக்கு மட்டுமல்லாமல் தனி எழுத்தாளர்களுக்கும் இதை இலவசமாக வழங்குகிறது. 2016 முதல் இதற்கு இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம்.

முதலில், உங்கள் படைப்புக்கு இந்த எண் பொருந்துமா என்று பாருங்கள். தலைப்புப் பக்கமும் உரையும் கொண்ட ஓவிய நூலுக்கு எண் கிடைக்கும். நாட்காட்டி, நாட்குறிப்பேடு, வாழ்த்து அட்டை, தனி ஓவிய அச்சு ஆகியவற்றுக்குக் கிடைக்காது. சோப்பு, மண்பாண்டம் போன்ற கைவினைப் பொருள்களில் காணப்படும் 890 என்று தொடங்கும் பார்கோடு எண்கள் வேறு வகை. அவற்றை ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு கட்டணம் பெற்றே வழங்குகிறது. சாதாரண அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் என ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி எண் தேவை. மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும்; திருத்திய பதிப்புக்குப் புதிய எண் வாங்க வேண்டும்.

அடுத்து, ஐஎஸ்பிஎன் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் எழுத்தாளர் என்ற பிரிவில் கணக்கைத் தொடங்கி, அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் பதிவேற்றுங்கள். கணக்கு ஏற்கப்பட்டதும் நூலின் தலைப்பு, மொழி, வடிவம் முதலிய விவரங்களைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பரிசீலனைக்கு நாள் பிடிக்கும் என்பதால், அட்டை அச்சகத்துக்குப் போவதற்கு வெகு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

எழுத்தாளர்கள் தாமே நூல் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளமும் அச்சு நூலுக்கு இலவச எண் தருகிறது. ஆனால் அதை அந்தத் தளத்தில் மட்டுமே பயன்படுத்த முடியும். வெளியீட்டாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் வராது. நூலை உள்ளூர்க் கடைகளிலும் புத்தகக் காட்சியிலும் வைக்க எண்ணுவோர், சற்றுக் காத்திருந்தாலும் தம் பெயரிலேயே எண் பெறுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

எண் வந்ததும் அதை உரிமைப் பக்கத்திலும் பின்னட்டையிலும் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். பதின்மூன்று இலக்கங்களில் கடைசி இலக்கம் பிழையைக் கண்டுபிடிப்பதற்காகவே இருக்கிறது. விளக்கத்துக்காக 978931234567 என்ற பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் 128 வருகிறது. அடுத்த பத்தின் மடங்கான 130ஐ எட்ட இன்னும் 2 தேவை. ஆகவே கடைசி இலக்கம் 2. உங்கள் எண்ணில் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால், எங்கோ ஓர் இலக்கம் தவறாகத் தட்டச்சாகியிருக்கிறது.

பார்கோடுக்கும் செலவு வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இஏஎன்-13 என்ற பதின்மூன்று இலக்கப் பார்கோடு வகையைத் தேர்ந்து, எண்ணின் இலக்கங்களுக்கு நடுவே உள்ள சிறுகோடுகளை நீக்கிவிட்டு இட்டால் படம் தயாராகிவிடும். இதன் இயல்பான அளவு, சுற்றியுள்ள வெற்றிடத்தையும் சேர்த்து, 37.29 மில்லிமீட்டர் அகலமும் 25.93 மில்லிமீட்டர் உயரமும் ஆகும். இதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கக் கூடாது. இடப்பக்கம் சுமார் 3.6 மில்லிமீட்டரும் வலப்பக்கம் 2.3 மில்லிமீட்டரும் வெறுமையாக விடப்பட வேண்டும். அட்டை அழகுக்காக இந்த ஓரங்களை ஓவியத்தால் நிரப்பினால், கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்பது ஸ்கேனருக்குத் தெரியாமல் போகும். வண்ணத்திலும் கவனம் தேவை: கடைகளில் உள்ள பெரும்பாலான ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பதால், சிவப்புக் கோடுகள் அவற்றுக்கு வெள்ளைத் தாளைப் போலவே தோன்றும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகளே பாதுகாப்பானவை. மாதிரித் தாளை அச்சிட்டுக் கைப்பேசிச் செயலியால் படித்துப் பார்த்த பிறகே முழு அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.

நூல் வெளியான பின் அதன் விவரங்களை அதே தளத்தில் பதிவேற்றிவிடுங்கள்; அடுத்த நூலுக்கு விண்ணப்பிக்கையில் இது உதவும். அத்துடன், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் சென்னைக் கன்னிமாரா நூலகம், கொல்கத்தாவின் தேசிய நூலகம் உள்ளிட்ட குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு ஒவ்வொரு படியை வெளியீட்டாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். நீங்களே வெளியீட்டாளர் என்பதால் இந்தக் கடமையும் உங்களுடையதே.