'ரத்தம் கம்மி' என்று மாத்திரை போடும் முன்: லாரி பெயிண்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதி நெருங்கினால் திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் வண்டி நிறுத்த இடமிருக்காது. பழைய மஞ்சளைச் சுரண்டி, பட்டி பார்த்து, புதுசாக அடித்து அனுப்ப வேண்டும். அந்த மஞ்சளிலும் ஆரஞ்சிலும் லெட் குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். லெட் என்றால் ஈயம். ஈயம் என்றதும் நமக்குப் பாத்திரத்துக்குப் பூசுவதுதான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். பெயிண்டில் இருப்பது காரீயம், விஷம்.

என் பெரியப்பா லாரி பெயிண்டர். வயிற்றைப் பிடித்து இழுக்கும், மலச்சிக்கல், ஓயாத அசதி. "சூடு புடிச்சுக்கிச்சுடா, எளநி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்பார். ஒரு வருடம் கேஸ் மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ரத்தம் கம்மி என்றால் இரும்புச்சத்துக் குறைவுதான் என்று முடிவு கட்டுவதே பெரிய தவறு. ஹீமோகுளோபினை உருவாக்கும் என்சைம்களைக் காரீயம் முடக்கிவிடும். உடம்பில் இரும்பு இருந்தாலும் அதைச் சேர்த்துக் கட்ட ஆளில்லை. சிவப்பணுக்களும் சீக்கிரம் உடைகின்றன. உண்மையிலேயே இரும்பு, கால்சியம் குறைந்தவருக்குக் காரீயம் இன்னும் கூடுதலாக ஏறும். அதனால் மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே பெயிண்ட் தூசியில் நிற்பதில் பயனில்லை.

"எனக்கு 14 இருக்குதுங்க" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஹீமோகுளோபின் குறைவது கடைசியில்தான். நரம்பும் ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் அதற்கு முன்பே அடிபடும். கை நரம்பில் ரத்தம் எடுத்துக் காரீய அளவையே பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

பட்டறையில் பார்க்கிறேன்: கேபினை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு, மூக்கில் கைக்குட்டை. டீ வந்ததும் கையைத் தின்னரில் துடைத்துவிட்டு வடையை எடுப்பார்கள். விரல் நகத்துக்குள் மஞ்சள் அப்படியே இருக்கும். கைக்குட்டை அந்தத் தூசியை நிறுத்தாது. வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பழைய பெயிண்டைத் தீ காட்டி எரிக்காதீர்கள். சோப்புப் போட்டு நகம்வரை கழுவிய பிறகே வடையும் பீடியும். பாலும் வெல்லமும் காரீயத்தைக் கழுவிவிடாது.

'இப்போது பெயிண்டில் லெட் இல்லை' என்பதும் அரைகுறைச் செய்தி. 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்குத்தான்; தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அல்ல.

வேலை லுங்கியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். பட்டறையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.