பள்ளம் தெரிந்தால் காண்டோ ஆகிவிடாது

போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு டீக்கடை. ப்ராஜெக்ட் செய்யும் தம்பி ஒருவன் லேப்டாப்பைத் திறந்து, "சார், காண்டோ கிடைச்சிருச்சு!" என்றான். உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஓர் அணுவின் ஸ்பின்னை, அதாவது அதன் குட்டிக் காந்தத்தை, சூழ்ந்து மறைப்பதுதான் காண்டோ விளைவு. அதைத் தேடுவது எஸ்டிஎம்மில்: டிப் என்னும் கூரிய ஊசிமுனையைப் பரப்புக்கு மேல் நகர்த்தி அணுக்களைப் பார்க்கும் நுண்ணோக்கி. திரையில் இருந்தது ஸ்பெக்ட்ரம், வோல்ட்டை மாற்ற மாற்ற மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்ற வரைபடம்: தாமிரத்தின் மேல் ஒற்றைக் கோபால்ட் அணு, பூஜ்ஜிய வோல்ட் அருகே அழகான பள்ளம். "சரி, வெறும் தாமிரத்துல எடுத்த ஸ்பெக்ட்ரம் எங்கப்பா?" என்றேன். முழித்தான். நான் ஒரு காலத்தில் முழித்த அதே முழி.

புதியவர்கள் செய்யும் தவறுகளில், பம்பை நிறுத்தாமல் அளப்பது, சாம்பிளை அரைகுறையாகச் சுத்தம் செய்வது இதையெல்லாம் முதல் வாரமே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். அவற்றை விடுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.

டிப்பை நம்புவது

எஸ்டிஎம் காட்டுவது அணுவை மட்டுமல்ல, அணுவும் டிப்பும் சேர்ந்த ஜோடியை. டிப்பைச் சீர்செய்ய அதைத் தாமிரத்தில் லேசாகக் குத்தி எடுப்போம். அங்கே கிடக்கும் கோபால்ட் அணு ஒன்று நுனியில் ஒட்டிக்கொண்டால் போச்சு. உப்பு ஒட்டிய கரண்டியால் பச்சைத் தண்ணீரைக் குடித்தாலும் கரிக்கத்தானே செய்யும்?

தாமிரத்தின் (111) பரப்பில், அதாவது படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகத்தில், கோபால்ட்டுக்குக் காண்டோ வெப்பநிலை (அந்த மறைப்பு எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) சுமார் 54 கெல்வின். பள்ளத்தின் அகலம் 9 மில்லிவோல்ட் அளவில் வரும். எனக்கு அதைவிடக் குறுகலாக வந்தது. புதுசாக ஏதோ பிடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் குளிரூட்டும் ஹீலியத்தைக் கரைத்தேன். ஒரு ராத்திரி, அலுப்பில், டிப்பைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். ஒரு நானோமீட்டர் தள்ளினால் பள்ளம் மறைந்திருக்க வேண்டும். ஐந்து தள்ளியும் அசையாமல் நின்றது. மூன்று வாரமும் நான் அளந்தது என் டிப்பை!

ஒவ்வொரு அணுவுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வெறும் தாமிரத்தில் எடுங்கள். சில நிமிஷ வேலை. அதைப் பார்க்காமலே 'பின்னணி' என்று கழித்துவிடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று சாயங்காலமே தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்: "தாமிரத்துலயும் இருக்கு சார்."

காந்தப்புலம் போட்டும் பிளக்கவில்லையா?

காந்தப்புலம் ஸ்பின்னின் ஆற்றலைப் பிளக்கும். ஜி மதிப்பு (ஸ்பின் புலத்துக்கு எவ்வளவு அசைந்துகொடுக்கும் என்ற எண்) 2 என்றால் 1 டெஸ்லாவுக்குக் கிடைக்கும் பிளவு சுமார் 0.12 மில்லி எலக்ட்ரான்வோல்ட். 4.2 கெல்வினில் வெப்பம் மட்டுமே கோட்டை 1.3 வரை மழுங்கடிக்கும். 2004-இல் ஐபிஎம் குழு ஒற்றை மாங்கனீசு அணுவின் ஸ்பின் புரள்வதை அளந்தது 0.6 கெல்வினில், 7 டெஸ்லா வரை போய். அணுவைக் குறை சொல்லாதீர்கள்.

லாக்-இன்

ஸ்பெக்ட்ரம் எடுக்க லாக்-இன் கருவி வோல்ட்டில் சேர்க்கும் சிறு அலைதான் மாடுலேஷன். அதை 5 மில்லிவோல்ட் வைத்துக்கொண்டு 1 மில்லிவோல்ட் அகலப் பள்ளத்தைத் தேடாதீர்கள்.

ஹைட்ரஜன்

இந்த வாயு அணுவில் ஒட்டும். அணுவின் உயரம் மாறினால் சந்தேகப்படுங்கள்.