புடைப்புச் சிற்பத்தில் ஆழம்: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் என் பட்டறைக்குக் களிமண் வேலை பழக வரும் இளைஞர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. மண் பிசைவதிலும் உளி பிடிப்பதிலும் நேரும் பிழைகள் கை பழகினால் தாமே நீங்கும். ஆழத்தைப் பற்றிய பிழைகளை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

வெளிச்சம் அறியாமல் ஆழத்தை முடிவு செய்தல்

தாழ்புடைப்பில், அதாவது பின்தளத்திலிருந்து சற்றே எழும் சிற்பத்தில், உருவத்தைக் காட்டுவது நிழல். அந்த நிழலைத் தருவது பக்கவாட்டு வெளிச்சம். இதை அறியாமல், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவுக்கூடத்துக்காக, நாற்று நடும் பெண்களை ஆறடி அகலத்தில் தாழ்புடைப்பாகச் செய்தேன். பட்டறையில் இடப்புற ஜன்னலின் வெளிச்சம் கன்னங்களைத் தடவிச் சென்றதால், கால் அங்குலப் புடைப்பிலேயே மூக்கும் இமையும் துலங்கின. கூடத்திலோ, சிற்பத்தை மாட்டிய சுவருக்கு நேர் எதிரே கண்ணாடி வாசல் இருந்தது. வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்ததும் நிழல் முழுவதும் அழிந்து, எட்டடி தள்ளி நின்றவருக்கு வெறும் பூச்சுச் சுவராகவே தெரிந்தது. ஃபைபர் கிளாஸில் வார்த்த பிறகு ஆழத்தைக் கூட்ட வழியில்லை. நான்கு மாத உழைப்பை ஒதுக்கிவிட்டு, என் கைப்பணத்தில் மீண்டும் களிமண்ணிலிருந்து தொடங்கி, நன்றாக வெளியே எழும் உயர்புடைப்பாகச் செய்து கொடுத்தேன். ஒரே ஒரு காலைப்பொழுது அங்கே போய் நின்றிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நட்டம் என்பதால், இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு முகத்தை மட்டும் மண்ணில் செய்து, சிற்பம் நிற்கப்போகும் இடத்தில் காலையும் மாலையும் வைத்துப் பாருங்கள். கிழக்கு நோக்கிய பாறைப் புடைப்பான அர்ச்சுனன் தபசைப் பார்க்க மாமல்லபுரம் போனால், விடியற்காலை முதல் நடுப்பகல் வரை அங்கேயே இருங்கள். நேர்வெயிலில் சிறிய உருவங்கள் பாறையோடு ஒன்றிப்போகும்போதும், ஆழமாகப் புடைத்த யானைகள் தனித்து நிற்கின்றன. வெயில் உச்சிக்கு ஏறிச் சரிவாக விழும்போதுதான் மற்றவை ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே அளவில் தட்டையாக்குதல்

முன்னிருக்கும் தோளுக்குக் கொடுக்கும் புடைப்பைப் பின்னிருக்கும் மரத்துக்கும் கொடுத்தால் தூரம் செத்துவிடும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும், அமராவதி பௌத்த தூபியின் சிற்பப் பலகைகளில், ஓர் உருவம் இன்னொன்றை மறைத்து நிற்பதன் மூலமே மெல்லிய ஆழத்துக்குள் ஒரு கூட்டம் அடங்குகிறது.

புகைப்படத்தைப் பார்த்து ஆழத்தைக் கணித்தல்

வேண்டாம்.

முதுகை மறத்தல்

புடைப்பைத் தாண்டி முழு உருவச் சிலைக்கு வந்தால், முதுகையும் மறக்கக்கூடாது. கோஷ்டத்தில், அதாவது கோயில் சுவரின் மாடத்தில், இருக்கும் கற்சிலையை முன்னிருந்து மட்டுமே பார்க்கிறோம். வீதியுலா செல்லும் செப்புத் திருமேனியையோ, அது கடந்துபோன பின்னும் மக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் சோழர் காலத்துச் சிற்பி, தலைக்குப் பின்னிருக்கும் வட்ட அணியான சிரச்சக்கரத்தையும் அதன்கீழ் தோளில் விழும் சடைச்சுருள்களையும் முகத்துக்குக் காட்டிய அதே அக்கறையுடன் முடித்திருக்கிறார்.