போன் தொலையும் முன்பே சிம்மைப் பூட்டி வையுங்கள்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை, அதெல்லாம் வேண்டாம், சாதாரண நாளில் சாயங்காலம் ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறுகிற நெரிசல் போதும். போன் பறிபோனவரிடம் கேட்டால் முதலில் சொல்வது, "பேட்டர்ன் போட்டிருக்கேன், தொறக்க முடியாது" என்பதுதான். சரி, திறக்க முடியாது. ஆனால் எடுத்தவனுக்கு அதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லையே. பக்கவாட்டில் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்தினால் சிம் ட்ரே வெளியே வந்துவிடும். அந்த சிம்மை வேறு போனில் போட்டால் உங்கள் நம்பர் அவன் கையில். வங்கி ஓடிபி, வாட்ஸ்அப் கோடு, ஆதார் ஓடிபி எல்லாம் அங்கே போய் விழும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் சிம்மைக் கழற்றி வீட்டில் வேறு யாருடைய டச் போனிலாவது போடுங்கள். (ஆச்சியின் பட்டன் போனில் போட வேண்டாம், அந்தப் பெரிய பள்ளத்துக்குள் நானோ சிம் நழுவிச் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.) போட்டதும் உங்கள் நம்பருக்கு ஒரு கால் பண்ணுங்கள், அந்த போனில் மணி அடிக்கும். ஏதாவது ஒரு தளத்தில் ஓடிபி கேளுங்கள், அதுவும் அங்கேதான் வரும். பேட்டர்னும் கேட்காது, விரல் ரேகையும் கேட்காது. திரைப் பூட்டு காப்பாற்றுவது போனுக்குள் இருப்பதை மட்டும்தான், நம்பர் இருப்பது சிம்மில்.

அதனால் நான் யாருக்குப் போன் செட் பண்ணிக் கொடுத்தாலும் வரிசை இதுதான்: முதலில் சிம், அப்புறம் போன், ஆப் எல்லாம் கடைசியில். நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு ஆன்டிவைரஸ் ஆப்பை இறக்கிப் போட்டுவிட்டு, அது காட்டுகிற விளம்பரங்களையும் சகித்துக்கொண்டு, எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் பிளே புரொடெக்ட் ஏற்கெனவே இருக்கிறது, சாதாரண உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் கீழே உள்ளதை எல்லாம் முடித்துவிடலாம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சிம் பின்

எல்லா சிம்மிலும் ஒரு பூட்டு ஏற்கெனவே இருக்கிறது, விற்கிறவர்கள் யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். அதை ஆன் செய்துவிட்டால், போன் அணைந்து எழும்போதும், சிம்மை வேறு போனில் போடும்போதும் ஒரு பின் நம்பர் கேட்கும். அதை அடிக்காமல் டவர் கிடைக்காது, காலும் வராது, எஸ்எம்எஸ்ஸும் வராது.

செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை. சிம்மில் நிறுவனம் வைத்த பின் நம்பர் ஒன்று இருக்கும், ஆன் செய்யும்போது முதலில் அதைத்தான் கேட்கும். யூடியூபில் ஒருத்தர் 0000 என்பார், இன்னொருத்தர் 1234 என்பார். தயவு செய்து ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே என்கிற 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் அந்த சிம் அவ்வளவுதான், புதுசு வாங்க வேண்டியதுதான். அதனால் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டோ, கம்பெனி ஷோரூமுக்கு நேரில் போயோ, இந்த சிம்மின் டீஃபால்ட் பின் என்ன, பியூகே என்ன என்று இரண்டையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். சிம் வாங்கிய அட்டை இன்னும் இருந்தால் அதையும் ஒரு தடவை பாருங்கள், பியூகே அதிலேயே அச்சிட்டிருக்கலாம்.

இப்போது செட்டிங்ஸைத் திறந்து, மேலே தேடுகிற கட்டத்தில் 'சிம் லாக்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒவ்வொரு கம்பெனி போனிலும் இது ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருக்கும், செக்யூரிட்டி பகுதிக்குள் போய்த் துழாவுவதைவிடத் தேடுவது சுலபம். ஐபோனில் மொபைல் சர்வீஸ் அல்லது மொபைல் டேட்டா பகுதிக்குள் 'சிம் பின்' என்றே இருக்கும். ஆன் செய்யுங்கள், டீஃபால்ட் பின்னைக் கொடுங்கள். அது முடிந்த பிறகு, அதற்குக் கீழேயே இருக்கும் 'சேஞ்ச் பின்' மூலம் உங்கள் சொந்த நம்பரை வையுங்கள். 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம். பிறந்த வருஷம், பைக் நம்பர் வேண்டாம். வீட்டில் முன்பு லேண்ட்லைன் இருந்ததென்றால் அதன் கடைசி நாலு இலக்கம் நல்ல தேர்வு, உங்களுக்கு மறக்காது, வேறு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசியாகப் போனை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள், பின் கேட்டால் வேலை முடிந்தது. இரண்டு சிம் இருந்தால் வங்கியில் கொடுத்திருக்கும் நம்பருக்காவது கட்டாயம் செய்துவிடுங்கள்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ராத்திரி சார்ஜ் இறங்கி போன் அணைந்து, காலையில் போட்டுவிட்டுப் பின் அடிக்க மறந்தால், துபாயில் இருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான், இங்கே மணி அடிக்காது. அதனால் ஞாபக மறதி உள்ள பெரியவர்களுக்கு நான் இதை வற்புறுத்துவதில்லை. மற்றவர்கள் சாக்குச் சொல்ல வேண்டாம். மேலப்பாளையத்தில் இருக்கிற எங்கள் சித்தி, "எம் போன்ல என்னய்யா கெடக்கு, அதப் போயி எவன் எடுக்கப் போறான்?" என்றுதான் கேட்டார்கள். மாசா மாசம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் விழுகிற கணக்கு எந்த நம்பரில் இருக்கிறது சித்தி, கேஸ் புக்கிங் எந்த நம்பரில், ஆதார் எந்த நம்பரில் என்று வரிசையாகக் கேட்டதும், கையில் இருந்த பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனை நீட்டினார்கள்.

இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம், வைத்திருப்பவர்களுக்குக் கழற்றுகிற பிரச்சினை இல்லை. ஆனால் "உங்க சிம்மை இ-சிம்மா மாத்தித் தாரோம், வந்த கோடைச் சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

படி 2: போன் கவரைக் கழற்றிப் பாருங்கள்

ஏடிஎம் கார்டு, மடித்த ஆதார் ஜெராக்ஸ், ஒரு நூறு ரூபாய் நோட்டு. பத்தில் பாதிப் பேர் போன் கவருக்குள் இதில் ஏதாவது ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நூறு ரூபாய் இருந்துவிட்டுப் போகட்டும், மற்ற இரண்டையும் இப்போதே எடுங்கள். யூபிஐ பின்னைப் புதிதாக வைக்க என்ன கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்: டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், கார்டு காலாவதியாகும் மாதம், வருஷம், அப்புறம் நம்பருக்கு வரும் ஓடிபி. ஆதார் வழியாக வைப்பதென்றால் ஆதாரின் முதல் 6 இலக்கமும் ஓடிபியும். சிம்மும் கார்டும் சேர்ந்து ஒருத்தன் கைக்குப் போனால், உங்கள் பழைய பின் அவனுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை, புதுசாக ஒன்றை அவனே வைத்துக்கொள்வான்.

யூபிஐக்கென்று தனியாக ஒரு சின்னக் கணக்கு வைத்து, அதில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் போட்டு வைப்பது இன்னும் நல்லது. சம்பளமும் சேமிப்பும் இருக்கிற கணக்கை டீக்கடை க்யூஆர் கோடு வரைக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை.

படி 3: பூட்டிய திரையில் தெரிகிற எஸ்எம்எஸ்

போன் பூட்டியிருக்கிறது, ஆனால் திரையில் "உங்கள் ஓடிபி..." என்று முழுசாகத் தெரிகிறது. இப்படி இருந்தால் சிம்மைக் கழற்ற வேண்டிய சிரமம்கூட அவனுக்கு இல்லை. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியில் லாக் ஸ்கிரீனுக்கு உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே பேட்டர்னை எடுத்துவிட்டு 6 இலக்கப் பின் போடுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரே பார்வையில் பேட்டர்னைப் பிடித்துவிடுவார், போதாக்குறைக்கு விரல் போன வழி கண்ணாடியிலும் பதிந்திருக்கும்.

ஆண்ட்ராய்டு 10, அதற்கு மேல் உள்ள போன்களில் கூகுள் செட்டிங்ஸுக்குள் 'தெஃப்ட் புரொடெக்ஷன்' என்று ஒன்று வந்திருக்கிறது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் அந்த அசைவை வைத்தே போன் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குள்ளேயே 'ரிமோட் லாக்' இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். தொலைந்த பிறகு யாருடைய போனிலிருந்தும் ஆண்ட்ராய்டு டாட் காம் ஸ்லாஷ் லாக் என்ற முகவரிக்குப் போய், உங்கள் நம்பரை மட்டும் கொடுத்துப் பூட்டிவிடலாம்.

படி 4: வாட்ஸ்அப்

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். 6 இலக்கப் பின் வைத்து, மறந்தால் மீட்க ஒரு மெயில் முகவரியும் கொடுங்கள். மெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். இது இருந்தால் உங்கள் நம்பரை வைத்து இன்னொரு போனில் வாட்ஸ்அப் திறக்கப் பார்ப்பவன் எஸ்எம்எஸ் கோடு வந்த பிறகும் இந்தப் பின்னில் மாட்டிக்கொள்வான். இல்லாவிட்டால் குடும்ப குரூப்பில் உங்கள் பெயரிலேயே "மாப்ள, அவசரமா ஐயாயிரம் போட்டு விடு, ராத்திரி தாரேன்" என்று வரும், நம் ஆட்களும் என்ன ஏது என்று கேட்காமல் போட்டுவிடுவார்கள்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை என்றோ, வண்டி ஃபைன் ரசீது என்றோ வருகிற ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, ரசீதும் இல்லை, ஆப். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் இருக்கும். அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், சிம் உங்கள் போனிலேயே இருக்கும், ஓடிபி மட்டும் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தாலும் இதே கதைதான், அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கலாம்.

படி 5: கூகுள் கணக்கும் ஐஎம்இஐயும்

கூகுளில் டூ ஸ்டெப் போட்டிருக்கிறவர்களுக்குப் போன் தொலைந்த அன்று ஒரு கஷ்டம் வரும். வேறு போனில் உள்ளே போகப் பார்த்தால், சரிபார்க்கும் செய்தி தொலைந்த போனுக்கே போகும். அதற்காகத்தான் பேக்அப் கோடு என்று பத்து எண்கள் தருகிறார்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் எடுத்து, பேப்பரில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பவர்களை என்ன சொல்ல.

அப்புறம் *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும். அதையும் நோட்டில் எழுதி, வாங்கிய பில்லையும் அதே பக்கத்தில் குத்தி வையுங்கள்.

தொலைந்த அன்று

பதற்றத்தில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டாம், அது அப்புறம். முதலில் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி ரிமோட் லாக் போடுங்கள். அடுத்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், அதே கம்பெனி நம்பரிலிருந்து 198 அடிக்கலாம். அப்புறம் வங்கிக்குச் சொல்லி யூபிஐயையும் கார்டையும் நிறுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் கணக்குக் கணக்காகத் தாவி வெளியே போவதற்குள் நிறுத்தப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை, அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் தப்பில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், பணம் போன தகவல் வங்கியிலிருந்து வந்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி போட்டது. ஆனால் பின்னை நீங்களே சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் உங்கள் தலையில்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்டேஷன். புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஆதாரோடு போய் அதே நம்பரில் டூப்ளிகேட் சிம். புது சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், சிம் மாற்று மோசடியைத் தடுக்க வைத்திருக்கிற ஏற்பாடு அது. எஸ்எம்எஸ் வரத் தொடங்கியதும் சஞ்சார் சாத்தி தளத்தில், 2023 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை தொடங்கியது, தொலைந்த போனைத் தடுக்கும் பகுதிக்குப் போய் ஐஎம்இஐ, பில், புகார் விவரம் எல்லாம் கொடுங்கள். ஓடிபி கேட்கும், டூப்ளிகேட் சிம் அதற்குத்தான் முதலில் வேண்டும். தடை விழுந்த பிறகு எந்த சிம்மைப் போட்டாலும் அந்த போனில் இந்தியாவில் டவர் கிடைக்காது. அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்றும் பார்க்கலாம், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

அடுத்த சில நாட்களில் "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இருக்கும் இடம் பார்க்க இங்கே தொடுங்கள்" என்று ஒரு லிங்க் வரலாம், ஐபோன்காரர்களுக்கு இது அதிகம். போனைத் திறக்க முடியாதவன் உங்கள் பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே வாங்கப் பார்க்கிறான், தொடாதீர்கள். நிஜமாகவே கிடைத்து ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள் என்றால், சஞ்சார் சாத்தியில் தடுத்தபோது கொடுத்த கோரிக்கை எண்ணை வைத்துத் தடையை நீக்குங்கள். அதுவரை சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டு போன் கெட்டுப்போச்சு என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.