என்வி சென்டர் வெளிச்சம் பத்தலையா? வைரத்துல நானோ பில்லர் போடுறது எப்படி

என்வி சென்டர்னா வைரத்துக்குள்ள ஒரு நைட்ரஜன் அணுவும் அது பக்கத்துல ஒரு காலி இடமும் சேர்ந்த குறை, பச்சை லேசர் பட்டா சிவப்பா ஒளிரும். அந்த சிவப்பு வெளிச்சம் கம்மியா வருதுன்னா டிடெக்டரை மாத்துறதுக்கு முன்னாடி வைரத்தோட மேற்பரப்பை யோசிங்க. வைரத்தோட ஒளிவிலகல் எண் 2.4, அதனால செங்குத்துல இருந்து சுமார் 24.5 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு வர்ற கதிர் எல்லாம் முழு அக எதிரொளிப்பாகி உள்ளயே திரும்பிடும், தப்பிச்சு வெளிய வர்ற கூம்பு எல்லா திசையும் சேர்த்து பார்த்தா 5 சதவீதம் கூட இல்ல.

சென்டர் சில மைக்ரான் ஆழத்துல இருந்தா அதை நடுவுல வச்சு அயான் பீம்ல அரைக்கோள லென்ஸ் செதுக்கலாம், கதிர் எல்லாம் பரப்புல நேரா போய் படும், ஒடியாது. ஆனா வெளிய இருக்குற காந்தப்புலம் மாதிரி விஷயங்களை அளக்குற சென்சிங்குக்கு சென்டர் மேற்பரப்புல இருந்து பத்து நானோமீட்டர்ல இருக்கணும், அதுக்கு என்னைக் கேட்டா பில்லர்தான், அதாவது சென்டரை உள்ள வச்சு வைரத்துலயே செதுக்குற குட்டித் தூண். 200 நானோமீட்டர் விட்டம், 1 மைக்ரான் உயரம்னு ஆரம்பிங்க, ஒளியை அச்சு வழியா நடத்திட்டு போற குழாய் மாதிரி வேலை செய்யும். வெளிச்சத்தை சேகரிக்குற மைக்ரோஸ்கோப் லென்ஸ் (அப்ஜெக்டிவ்) மேலயா அடியிலயான்னு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, அடியில இருந்து பார்க்கணும்னா வைரத் தகடோட தடிமன் லென்ஸோட வொர்க்கிங் டிஸ்டன்ஸுக்குள்ள (லென்ஸ் முனைக்கும் ஃபோகஸ் ஆகுற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) இருக்கணும்.

நைட்ரஜன் அயான்களை உள்ள செலுத்தி (இம்ப்ளான்ட்) வேக்குவம்ல 800 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கின (அனீல்) சாம்பிளை ஆசிட்ல சுத்தம் பண்ணி, சில நானோமீட்டர் டைட்டானியம் போட்டு (ரெசிஸ்ட் ஒட்டும், சார்ஜும் தேங்காது), எச்எஸ்க்யூ ரெசிஸ்ட் (எலக்ட்ரான் பீம் பட்ட இடம் மட்டும் கெட்டியாகி மாஸ்க்கா நிக்குற பூச்சு) பூசி எலக்ட்ரான் பீம்ல வட்டங்கள் வரைங்க. விட்டத்தை ஒரே அளவா வைக்காம 180ல இருந்து 400 நானோமீட்டர் வரைக்கும் வரிசை வரிசையா மாத்துங்க, எது நல்லா வரும்னு கணக்கு சொல்றதும் சாம்பிள் சொல்றதும் பல தடவை ஒத்துப்போகாது. வட்டத்தை சுத்தி தெரியுற டைட்டானியத்தை எடுத்துட்டு ஆக்ஸிஜன் பிளாஸ்மால எட்ச் பண்ணுங்க, மாஸ்க் இல்லாத இடத்துல வைரம் அரிச்சுப் போய் பில்லர் நிக்கும்.

இங்கதான் கவனம். எட்ச் முடிஞ்சதும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பில்லரோட அடிவாரத்தை பாருங்க, தரை வழுவழுன்னு இல்லாம பொடிப்பொடியா புல் முளைச்ச மாதிரி இருந்தா சேம்பர்ல இருந்து தெறிச்ச துணுக்கு சின்னச் சின்ன மாஸ்க்கா உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம், ஒளி சிதறி பேக்ரவுண்டு ஏறிடும். சேம்பரை கழுவிட்டு அடுத்த சாம்பிளை போடுங்க.

மிச்ச மாஸ்க்கை எடுக்குற ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிடும், கடைசியா சல்ஃபியூரிக், நைட்ரிக், பெர்குளோரிக் மூணும் சேர்த்து கொதிக்க வைக்குறதும் ரொம்ப ஆபத்து, பயிற்சி இல்லாம தனியா செய்யவே செய்யாதீங்க. ஆனா அந்தக் கடைசி கழுவலை விட்டுடக் கூடாது, பரப்பு ஆக்ஸிஜனோட முடியலைன்னா மேல இருக்குற சென்டர் நமக்கு வேண்டிய எதிர்மின் நிலையில நிக்காது.

அளக்கும்போது ஒரே லேசர் பவர்ல பில்லரையும் சமதள இடத்தையும் ஒப்பிடாதீங்க, பில்லர் பச்சை லேசரையும் நல்லா உள்ள இழுக்கும், அதனால சேகரிப்பு கூடிச்சா தூண்டல் கூடிச்சான்னே தெரியாது. ரெண்டுக்கும் சேச்சுரேஷன் வளைவு (லேசர் பவரை ஏத்த ஏத்த வெளிச்சம் எங்க நிக்குதுன்னு காட்டுற வரைபடம்) எடுத்து உச்ச எண்ணிக்கையை ஒப்பிடுங்க. உள்ள ஒரே ஒரு சென்டர்தான் இருக்கான்னு ஃபோட்டான் கோரிலேஷன்ல (ரெண்டு ஃபோட்டான் ஒரே நேரத்துல வருதான்னு பார்க்குற அளவீடு) பார்த்துக்கோங்க, பூஜ்ய தாமதத்துல மதிப்பு 0.5க்கு கீழ வரணும், இல்லைன்னா ரெண்டு சென்டர் சேர்ந்து எரியுறதைப் பார்த்து பில்லர் நல்லா இருக்குன்னு நினைச்சிடுவீங்க.