கால் எரிச்சல் நின்றுவிட்டதா? இனிமேல்தான் கூடுதல் கவனம் வேண்டும்

என் அம்மாவுக்குச் சுகர் வந்து 19 வருடம் ஆகிறது. நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ராத்திரி படுத்தால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்பார். போர்வை பட்டாலே தாங்காது. காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவார். அப்புறம் ஒரு கட்டத்தில் எரிச்சல் தானாகவே குறைந்தது. "வெந்தயத் தண்ணி நல்லா கேக்குது" என்று சந்தோஷப்பட்டார். நாங்களும் நம்பினோம்.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து நடந்து வந்தவரின் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. சூடான தார் ரோட்டில் வெறுங்காலோடு எவ்வளவு தூரம் வந்தார் என்பதும் தெரியவில்லை. வாசலில் நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

மறுநாள் டாக்டர் அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னார். கையில் ஒரு மெல்லிய நைலான் இழை இருந்தது. பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். "படும்போது சொல்லுங்கம்மா" என்றார். "படுது" என்றார் அம்மா. டாக்டர் இன்னும் தொடவே இல்லை. பிறகு பெருவிரலின் அடியில் வைத்து இழை வளையும்வரை அழுத்தினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

எரிச்சல் நின்றதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்புகளும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் முதல் அடி கால்விரலில் விழுகிறது. பிறகு சாக்ஸ் ஏறுவதுபோல் மேலே வருகிறது. முழங்கால் பக்கம் எட்டும்போது கைவிரல் நுனிகளும் மதமதக்க ஆரம்பிக்கும். கெட்டுக்கொண்டிருக்கிற நரம்பு எரிச்சலும் குத்தலுமாகக் கத்துகிறது. முழுவதும் கெட்ட நரம்பு பேசாது. சர்க்கரை கட்டுக்குள் வந்து, மருந்தும் சேர்ந்து வலி குறைவதும் உண்டு. அது நல்ல செய்தி. எது நடந்திருக்கிறது என்பதை வலியை வைத்துச் சொல்ல முடியாது, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப்பேர் வரைக்கும் எந்தத் தொந்தரவும் தெரியாமலே இருக்கலாம். அதனால்தான் இரண்டாம் வகைச் சுகர் என்று தெரிந்த அன்றைக்கே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். டாக்டர் கேட்காவிட்டால் நாமே செருப்பைக் கழற்றிக் காலை நீட்ட வேண்டியதுதான். இதில் கூச்சமே வேண்டாம்.

வலி இல்லாமல் போவது எவ்வளவு ஆபத்து என்பதை உலகத்துக்கு எடுத்துச்சொன்னவர்களில் ஒருவர் நம் ஊரில் பிறந்தவர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். நோய் சதையைத் தின்று விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். உணர்ச்சி போனதால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதும், ஆணி குத்திய காலோடு நடப்பதும், தூக்கத்தில் எலி கடிப்பதும் தெரியாமல் போய், காயத்துக்கு மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் போகின்றன என்று அவர் காட்டினார். பின்னால் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது, அதே பாடத்தைச் சுகர் நோயாளிகளின் காலுக்கும் கொண்டுபோனார். இன்று சுகர் கிளினிக்குகளில் எழுதித்தரும் எம்சிஆர் செருப்பு (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் செருப்பு), தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகப் புழக்கத்துக்கு வந்ததுதான். அந்தச் செருப்பைப் போட வெட்கப்பட்டு அலமாரியில் வைத்திருப்பவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

மரத்த காலுக்கு வெந்நீர்

கால் மதமதப்பு என்றாலே உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைப்பது நம் வீடுகளில் பழக்கம். சில வீடுகளில் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு இதைவிட மோசமான வைத்தியம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வெந்நீர்ப் பையைப் பாதத்தடியில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். காலையில் படுக்கையைத் தட்டி விரித்த அவர் மனைவிதான் விரிப்பில் ஈரத்தைப் பார்த்தார். குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவு கொப்புளம் வந்து உடைந்திருந்தது. அவருக்கு ஒரு சுருக்கென்ற உணர்வுகூட இல்லை. அது ஆற நான்கு மாதம் ஆனது.

தண்ணீர் சூட்டைக் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். ஹீட்டிங் பேட், பைக் சைலன்சர், அடுப்படி எல்லாமே இதே கணக்குதான். கோயில் பிரகாரத்துக் கருங்கல்லை மறந்துவிடுகிறோம். சித்திரை, வைகாசி மதியத்தில் அது தோசைக்கல். சாமி கும்பிடக் காலையிலேயே போய்விடுவது நல்லது. தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டும் போகலாம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்திருந்தால் தயவுசெய்து வெறுங்காலோடு போகாதீர்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கால் ஆணியை பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் பட்டை வாங்கி ஒட்டுவதும் இதே வகைத் தவறுகள். அந்தப் பட்டையில் இருக்கும் அமிலம் ஆணியோடு பக்கத்துத் தோலையும் அரிக்கும். ஆணி இருக்கிறது என்றாலே அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்று பொருள். அடியில் புண் மறைந்திருக்கலாம். அதை மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும்.

செருப்பு கழன்று கழன்று போகிறது என்று வாரை இறுக்குகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் விரலிடுக்கில் கொப்புளம் வரும். வேண்டியது, பின்பக்கம் பட்டை வைத்த, விரல்களை நெருக்காத செருப்பு. சாயந்தரம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் போய் வாங்கினால் அளவு சரியாக வரும். போடுவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அம்மாவின் செருப்பில் ஒரு முறை புளியங்கொட்டை கிடந்தது. மெட்டி இறுகியிருக்கிறதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

மாத்திரையில் நடக்கும் குளறுபடிகள்

நரம்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரை வாங்கிப் போடுகிறோம். மூட்டுவலிக்கு அது கேட்கும், நரம்பு எரிச்சலுக்குப் பெரிதாகக் கேட்காது. சுகரால் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தைத்தான் அது பதம் பார்க்கும். நரம்பு வலிக்கென்று கொடுக்கப்படுபவை வேறு: பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின். கடைசி இரண்டும் மன அழுத்தத்துக்கும் கொடுக்கப்படுபவை. மருந்துக்கடையில் யாராவது "இது மனநல மாத்திரையாச்சே" என்று சொன்னதும் பயந்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அந்த மருந்துகள் வலிச் செய்தியை மூளைக்குப் போகும் வழியிலேயே தணிக்கின்றன. நரம்பு வலிக்கு அவற்றைக் கொடுப்பது வழக்கமான சிகிச்சைதான்.

மூன்றே நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. இவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், அதனால் வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழாமல் இருக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பிரிகாபலினில் கால் வீக்கமும் வரலாம். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றலாம். பல நாள் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கவும் கூடாது. பிரிகாபலினின் அளவைச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இதயக் கோளாறோ ப்ராஸ்டேட் தொந்தரவோ இருந்தால் அமிட்ரிப்டிலின் எழுதும் முன்பு டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், "நரம்பு மாத்திரை". பி வைட்டமின்கள் கலந்த அந்த மாத்திரையைச் சத்துதானே என்று வருடக்கணக்கில் போடுகிறார்கள். பி6 வைட்டமின் அதிக அளவில் மாதக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஆனால் பி12 விஷயம் வேறு. சுகருக்கு நம்மில் பெரும்பாலானோர் சாப்பிடும் மெட்பார்மின், நீண்ட நாளில் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். மீன், முட்டை, கறி சாப்பிடாதவர்களுக்குக் குறைபாடு இன்னும் எளிதாக வரும். அதன் அறிகுறியும் மதமதப்பும் எரிச்சலும்தான். எல்லாம் சுகரால்தான் என்று விட்டுவிட்டால் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் கைநழுவிப்போகும். மெட்பார்மினைத் தானாக நிறுத்தாமல், ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பி12 மட்டுமில்லை, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, குடிப்பழக்கம் எல்லாமே இப்படி நரம்பைத் தொடும். ஒரு காலில் மட்டும் இடுப்பிலிருந்து இறங்கும் வலி, முதுகெலும்புத் தட்டு விலகியதால் வரலாம். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதென்றால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே நரம்பு மாத்திரையால் பயனில்லை, பீடி சிகரெட்டை அன்றே விட வேண்டும். சில நாட்களுக்குள் பலவீனம் மளமளவென்று மேலே ஏறினால் அது சுகர் நரம்பு வலியின் போக்கே இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சுலின் மேல் பழி

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன். வருடக்கணக்கில் எகிறிக் கிடந்த சர்க்கரையை இன்சுலினோ மாத்திரையோ வேகமாக இறக்கும்போது, சிலருக்குப் புதிதாகக் கடும் எரிச்சல் கிளம்பும். மூன்று மாதத்துக்குள் ஹெச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 2 புள்ளிக்கு மேல் இறங்கியவர்களிடம் இது பார்க்கப்பட்டிருக்கிறது. "இன்சுலின் போட்டதும்தான் கால் எரியுது" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் இன்சுலினைத் தூக்கி எறிவது தவறு. பெரும்பாலும் இது மாதங்கள் போகப் போகத் தணியும். அதுவரை வலிக்கு மருந்து உண்டு. சர்க்கரையை நிதானமாக இறக்கவும் டாக்டரால் முடியும்.

சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்பைக் காக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. 1993-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சுகர் உள்ள 1,441 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியானது. சர்க்கரையைக் கறாராக வைத்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதில்லை, ஆனால் உண்டு. டெஸ்டுக்கு முன்னால் நாலு நாள் மட்டும் பத்தியம் இருந்து, வெறும்வயிற்றுச் சர்க்கரையை அழகாகக் காட்டுவதால் நரம்புக்கு எதுவும் கிடைக்காது. ஹெச்பிஏ1சி கடந்த சுமார் மூன்று மாதத்தைச் சொல்லிவிடும்.

வலிக்காத வீக்கம்

ஒரு பாதம் மட்டும் சிவந்து, தொட்டால் சூடாக, வீங்கியிருக்கிறது. வலி லேசாகத்தான் இருக்கிறது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி, அதன்மேலேயே நடக்கிறார்கள். நரம்புணர்ச்சி போன பாதத்தில் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கி, பாதத்தின் வளைவே சரிந்துபோகும் ஒரு நிலை உண்டு. சார்கோ பாதம் என்று பெயர். சீக்கிரம் கண்டுபிடித்துக் கட்டுப்போட்டு, பாரம் விழாமல் வைத்தால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நடந்துகொண்டே இருந்தால் வாழ்நாள் முழுக்கக் கோணிய கால்தான் மிஞ்சும். அதனால் புதிதாக வீக்கம், சிவப்பு, கருப்பு நிறம், நீர் வடிதல், நாற்றம், காலோடு காய்ச்சல் என்று எது இருந்தாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும். மஞ்சள் பொடி வைத்துக் காத்திருக்கக் கூடாது.

அம்மா இப்போது ராத்திரி சீரியல் முடிந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிக் காட்டிப் பார்க்கிறார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் நானோ என் மகளோ கூட உட்கார்ந்து விரலிடுக்கை விரித்துப் பார்ப்போம். ஈரத்தைத் துடைத்துவிட்டு, குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவோம். விரலிடுக்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வோம், அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். மொத்தம் மூன்று நிமிடம் ஆகிறது. போன மாதம் இடது சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு மிளகு அளவு சிவப்பை என் மகள்தான் முதலில் பார்த்தாள். "ஆச்சி, இங்க வலிக்குதா?" என்று அழுத்திக் கேட்டாள். இல்லை என்றார் அம்மா. மறுநாள் காலை முதல் டோக்கன் எங்களுடையது.